நாற்பதுக்கு மேல் ஸ்பானிஷ்: எந்தப் புத்தகத்தை எடுப்பது?

(காரமடையில் நூலக வாரத்தையொட்டி வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் படித்தவற்றில் பிடித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கொஞ்ச காலமாக என் மேசையில் இரண்டு வகைப் புத்தகங்கள்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் தமிழில் வந்த லத்தீன் அமெரிக்கக் கதைகளும் நாவல்களும். இன்னொரு பக்கம், அவை எழுதப்பட்ட ஸ்பானிஷ் மொழியை அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தரும் பாடநூல்கள். முதல் வகையைப் படிக்கப் படிக்கத்தான் இரண்டாம் வகை மேல் ஆசை வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். பாடநூல்களைப் பற்றிக் கூடுதலாகவே பேசுவேன். நாவலுக்கு மதிப்புரை எழுத ஆள் இருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வயதில் புது மொழி தொடங்குகிறவருக்கு எந்தப் புத்தகம் உதவும் என்று நம் ஆட்கள் யாரும் உட்கார்ந்து அலசிச் சொல்வதில்லை.

லத்தீன் அமெரிக்க எழுத்து கோவைப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதல்ல. மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1955இல் எழுதிய ‘பெட்ரோ பராமோ’வை எஸ். பாலச்சந்திரன் மொழிபெயர்ப்பில் தமிழுக்குத் தந்தது கோவையின் விடியல் பதிப்பகம். சே குவேராவின் மோட்டார் சைக்கிள் பயணக் குறிப்புகளும் அங்கிருந்தே வந்தன. கார்சியா மார்க்கேஸின் 1967ஆம் ஆண்டு நாவல், ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று 2013இல் காலச்சுவடு வெளியீடாக வந்தபோது, மொழிபெயர்ப்பாளர்கள் இருவரில் ஒருவர் கோவையில் பிறந்த கவிஞர் சுகுமாரன். நெரூதாவின் கவிதைகளையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இந்த உழைப்புக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு வந்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் ஏறி இறங்கித்தான் வந்திருக்கிறது. மூலத்தில் ஒரு விவசாயி பேசுவதை முதலில் ஒரு அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார், பிறகுதான் நாம் கேட்கிறோம்.

ஸ்பானிஷ் கற்றுத்தரும் புத்தகங்களிலும் இதே கதைதான். நான் பார்த்த பாடநூல்கள் எல்லாமே ஆங்கிலம் பேசுகிறவருக்காக எழுதப்பட்டவை. அவருக்கு எது கடினமோ அதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகின்றன, அவருக்கு எது எளிதோ அதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன. தமிழில் வளர்ந்த நமக்கோ கடினமும் எளிதும் வேறு இடங்களில் இருக்கின்றன. பாடநூலை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

இந்த விஷயத்தில் நமக்கு நல்ல முன்னோடிகள் உண்டு, ஆனால் எதிர்த் திசையில். வெளியிலிருந்து வந்து தமிழ் கற்ற பெரியவர்கள் தங்களுக்கான பாடநூல்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் என்றிக்கே என்றீக்கஸ் பாதிரியார் முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு போர்த்துக்கீசியத்தில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். இத்தாலியரான வீரமாமுனிவர், புதிதாக வரும் பாதிரிமார்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார், அது தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியது. ஜி.யு. போப் 1855இல் வெளியிட்ட தமிழ்க் கைநூல் பாடம் பாடமாக, பயிற்சிகளோடு அமைந்தது. அந்தப் போப் 1859இல் நம் தலைக்கு மேலே உள்ள ஊட்டியில் பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தியவர். இந்த மூவரும் கற்பவர் எந்த மொழியிலிருந்து வருகிறார் என்பதை மனதில் வைத்து எழுதினார்கள். தமிழிலிருந்து வெளியே போகிறவருக்கு அந்த அக்கறை அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேருந்து நிலையப் புத்தகக் கடையில் தொங்கும் பாலாஜி பப்ளிகேஷன்ஸின் ‘30 நாட்களில்’ வரிசையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மெத்தப் படித்தவர்கள் அதை மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். வடக்கே லாரி ஓட்டப் போனவர்களும் ஜவுளி வியாபாரத்துக்குப் போனவர்களும் அதை வைத்து இந்தி பேசக் கற்றிருக்கிறார்கள். ஒரு பக்கம் இந்தி வாக்கியம், அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், பக்கத்திலேயே தமிழில் பொருள். தமிழனுக்குத் தமிழிலேயே சொல்கிறது. அதன் குறை வேறு. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும், காதுக்கு எதுவும் கிடைக்காது. அப்புறம் அந்த முப்பது நாள் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தர ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷில் வேலைக்குத் தேவையான திறமை பெற ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் அனுபவம். தமிழுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு 1,100 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் இரண்டு வருடம் என்று மனதில் வைத்துத் தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இப்போது மொழிக்கு வருவோம். கூட்டம் தொடங்கும் முன் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, ஸ்பெயின் பையர் கூட ரெண்டு வார்த்தை பேசலாம்னு ஒரு புக்கு வாங்கினனுங்க. ‘எனக்குப் பிடிக்கும்’கறதுக்கே ஒரு அத்தியாயம் போட்டிருக்கான், அவ்வளவு கஷ்டமுங்களா?” அவருக்கு அங்கே சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் பிடிப்பது என்பது ‘நான்’ செய்யும் செயல். ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பார்கள். ‘மே’ என்றால் எனக்கு. காப்பி எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தலைவலிக்கு ‘மே துவேலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலேயர் தலைகீழாக நின்று பழக வேண்டிய அமைப்பு இது. அதனால்தான் அத்தனை பக்கம், அத்தனை அம்புக்குறி, அத்தனை எச்சரிக்கை. நாமோ எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பேசுகிறோம். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பிடிக்கும் பொருள் பன்மையானால் ஸ்பானிஷில் வினையும் பன்மையாகும், ‘குஸ்தா’ என்பது ‘குஸ்தான்’ ஆகும். அதற்கு ஒரு பத்தி போதும்.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. கல்யாண வீட்டுக்காரர் “சமையல்காரர் தேடுறோம்” என்கிறார். ஒப்புக்கொண்ட சமையல்காரர் முகூர்த்தத்தன்று காலையில் காணவில்லை என்றால் “சமையல்காரரைத் தேடுறோம்” என்கிறார். முதலாவது யாராவது ஒருவர், இரண்டாவது அந்தக் குறிப்பிட்ட ஆள். வேறுபாடு முழுவதையும் ஐகார உருபு சுமக்கிறது. ஸ்பானிஷிலும் இதே ஏற்பாடு. யாரோ ஒரு சமையல்காரர் என்றால் ‘புஸ்கோ உன் கொஸினேரோ’. தெரிந்த ஆள் என்றால் இடையில் ‘அ’ என்ற ஒரு சிறுசொல் வந்தாக வேண்டும்: ‘புஸ்கோ அல் கொஸினேரோ’. ஒரு படம் பார்த்தேன் என்னும்போது அந்த ‘அ’ வராது, அண்ணனைப் பார்த்தேன் என்னும்போது வரும். நாமும் படம் பார்த்தேன் என்போம், அண்ணன் பார்த்தேன் என்று சொல்ல மாட்டோம். ஆங்கில வழிப் பாடநூல்கள் இதை ஒரு வினோதம் போல விதி, விதிவிலக்கு, பட்டியல் என்று விளக்குகின்றன. தமிழ் தெரிந்தவர் கையில் கொடுத்தால் நாலு வரியில் விளங்கும். இரண்டும் எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் தொடங்குகிறவருக்குத் தேவையான அளவுக்குப் பொருந்தும்.

வினைமுற்றிலேயே ஆள் தெரிவதும் அப்படித்தான். வருகிறேன் என்றால் நான்தான் என்று தெரிகிறது, தனியாக ‘நான்’ வேண்டியதில்லை. ஸ்பானிஷிலும் வேண்டியதில்லை. ஒருவரை எப்படி விளிப்பது என்பதில் ‘தூ’, ‘உஸ்தேத்’ என்று இரண்டு உண்டு, நம் நீ, நீங்கள் போல. மரியாதைக்கு உஸ்தேத், நெருக்கத்துக்குத் தூ என்று புத்தகம் சொல்லும். ஆனால் கொலம்பியாவின் மலைப்பகுதிகளில் குடும்பத்துக்குள்ளேயே உஸ்தேத் புழங்குகிறது. பெற்ற பிள்ளையை “வாங்க சாமி, சாப்பிடுங்க” என்று கூப்பிடும் கொங்கு நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் இப்படியே போய்விடாது. ‘இருத்தல்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள். ‘அவர் டாக்டர்’ என்று நாம் வினையே இல்லாமல் முடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஸேர் வரும். ‘அவர் ஊரில் இருக்கிறார்’, ‘காப்பி சூடாக இருக்கிறது’ என்னும் இடங்களில் எஸ்தார் வரும். இவ்வளவு தூரம் தமிழ் கைகொடுக்கும். ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்பதில் கைவிட்டுவிடும், அங்கே ஸேர்தான். அதுபோலப் பெயர்ச்சொற்களின் பால். நமக்கு மேசையும் கதவும் அஃறிணை, அதோடு முடிந்தது. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், அதை ஒட்டி வரும் அடைமொழிகளும் மாறும். இதற்கு ஆங்கிலமும் உதவாது, தமிழும் உதவாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னால் வரும் ‘எல்’ அல்லது ‘லா’வோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. சொல்பட்டியலில் இவற்றை விட்டுவிட்டு வெறும் சொல்லை மட்டும் அச்சடிக்கும் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நம்மவர் அதிகம் வழுக்குவது அழுத்தத்தில். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறிவிடாது. ஸ்பானிஷில் முதல் அசையை அழுத்தி ‘ஆப்லோ’ என்றால் ‘நான் பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. ஆளும் மாறிவிடுகிறது, காலமும் மாறிவிடுகிறது. எழுத்தில் தலைக்கு மேல் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் அழுத்தம் உண்டு என்பதால் அந்த நூலாசிரியர்கள் இதை ஒரு குறிப்போடு தாண்டிவிடுகிறார்கள். நமக்கு இது தனிப் பயிற்சியாக வேண்டும், காதால் கேட்டே ஆக வேண்டும். அதனால் ஒலிப்பதிவு இல்லாத புத்தகத்தை முதல் புத்தகமாக வாங்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒலியில் நமக்குச் சாதகமானவையும் உண்டு. ஆங்கிலேயரின் ப, த, க ஒலிகளில் சொல்லின் தொடக்கத்தில் ஒரு மூச்சு கலந்து வரும், அதை விட்டுவிடச் சொல்லி அவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நம்மிடம் அந்த மூச்சு இல்லை. ‘அகம்’ என்பதில் உள்ள ககரம் மெலிவதுபோல உயிர்களுக்கிடையே மெலியும் மெய்களும் அங்கே உண்டு. நம் ஞகரமும் அங்கே அப்படியே இருக்கிறது.

இனி புத்தகங்கள். பார்பரா பிரெக்ஸ்டைன் எழுதிய ‘ஈஸி ஸ்பானிஷ் ஸ்டெப் பை ஸ்டெப்’ பலரும் சிபாரிசு செய்வது. ஒழுங்கானது. தேவையான சொற்களை முன்னால் வைக்கிறது, பயிற்சி நிறைய, விடையும் உண்டு. தனியாகப் படிக்கிறவருக்கு விடைப்பகுதி என்பது ஆசிரியர் மாதிரி, அது இல்லாத புத்தகம் வகுப்புக்கு மட்டுமே ஆகும். ஆனால் இறந்தகாலம் நூலின் மூன்றாம் பகுதியில்தான் வருகிறது. பெரியவர்கள் பேச்சில் பாதி நேற்று நடந்தது, போன வருடம் நடந்தது, சின்ன வயதில் நடந்தது. நாற்பது வருட வாழ்க்கையைக் கையில் வைத்திருப்பவரை மாதக்கணக்கில் நிகழ்காலத்திலேயே நிறுத்தி வைத்தால் அவர் சலித்துப்போவார். இதை நான் பெரிய குறையாகவே சொல்வேன்.

மார்கரீட்டா மாட்ரிகல் 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘மேஜிக் கீ டு ஸ்பானிஷ்’ இதற்கு நேர் எதிர். இறந்தகாலத்தைச் சீக்கிரமே கையில் கொடுத்துவிடுகிறார். ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும் பொதுவான சொற்களை வைத்து முதல் பாடத்திலிருந்தே முழு வாக்கியம் பேச வைக்கிறார். படங்கள் வரைந்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹால். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த நம்மவருக்கு ஆங்கிலத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்தச் சொல்வளம்தான், அதை இவரைப் போல அள்ளித் தந்தவர் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கச் சுற்றுலாப் பயணிக்கு எழுதியது என்பதால் சூழல் பழையதாகிவிட்டது. ஒலி கிடையாது. இரண்டாம் புத்தகமாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், வாசிக்கவே மகிழ்ச்சியாக இருக்கும்.

1938 முதல் வரும் ‘டீச் யுவர்செல்ஃப்’ வரிசையில் ஹுவான் கத்தான் இபார்ராவின் ஸ்பானிஷ் நூல் உரையாடல், ஒலி, விடை மூன்றையும் தருகிறது. குறையென்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மனதைப் பிடித்து இழுக்கவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சின் அசிமில் நிறுவனத்தின் முறை. அல்ஃபோன்ஸ் ஷெரெல் 1929இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரத் தொடங்கியது அது. ஒரு பக்கம் ஸ்பானிஷ் உரையாடல், எதிர்ப் பக்கம் மொழிபெயர்ப்பு, கீழே சிறு குறிப்புகள். தினம் ஒரு பாடம். முதல் பாதி முழுவதும் கேட்பதும் புரிந்துகொள்வதும்தான். ஐம்பதாம் பாடத்தை எட்டியபின், தினமும் புதுப் பாடத்தோடு முதல் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய், மொழிபெயர்ப்பைப் பார்த்து ஸ்பானிஷைச் சொல்லிப் பார்க்க வேண்டும். மறந்தது தானாகத் திரும்பி வருகிறது. விதியை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் வாக்கியத்தைப் பழக்குவதால், ஆங்கில விளக்கங்களின் சுற்றுவழி இதில் குறைவு. எதிர்ப் பக்கத்தில் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழை எழுதிக்கொண்டு போங்கள். ‘எனக்கு’ வரும் இடங்களும் ‘ஐ’ வரும் இடங்களும் தாமாகவே கண்ணில் படும்.

முழுக்க ஸ்பானிஷிலேயே எழுதப்பட்ட ‘ஔலா இன்டர்நேஷனல்’ போன்றவை ஆசிரியர் நடத்தும் வகுப்புக்கு. சான்றிதழ் வேண்டுவோருக்கு, ஸ்பெயின் அரசின் செர்வாண்டெஸ் நிறுவனம் 2009இல் டெல்லியில் தொடங்கிய மையம் இருக்கிறது. அவர்கள் தேர்வு ஏ1 முதல் சி2 வரை ஆறு படி கொண்டது. திருப்பூர்த் தம்பி போன்றவருக்கு அந்தச் சான்றிதழ் வேலைக்கு உதவும். கதை படிக்க வேண்டும் என்று வருகிறவர் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

கதை படிக்கத்தான் நான் தொடங்கினேன், அதனால் ருல்ஃபோவிடம் திரும்பி வருகிறேன். ‘பெட்ரோ பராமோ’வுக்கு இரண்டு வருடம் முன்னால், 1953இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பு தமிழில் ‘எரியும் சமவெளி’ என்று கிடைக்கிறது. அதில் ஒரு கதை. புரட்சி முடிந்து அரசாங்கம் ஏழைக் குடியானவர்களுக்கு நிலம் கொடுக்கிறது. கொடுத்ததோ ஆற்றங்கரை வயல் இல்லை, ஒன்றும் விளையாத பொட்டல் மேடு. நாலு பேர் விடியற்காலையிலிருந்து அந்த வெளியில் நடக்கிறார்கள். ஒரே ஒரு மழைத்துளி விழுகிறது. அடுத்த துளி விழவே இல்லை. மண் கெட்டி, ஏர் இறங்காது என்று அதிகாரியிடம் சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்கிறார். ஒருவன் சட்டைக்குள் ஒரு கோழியை அணைத்துக்கொண்டு வருகிறான், வீட்டில் தனியாக விட்டால் தீனி போட ஆளில்லை என்று. சில பக்கங்கள்தான். மானாவாரிக் காட்டில் வானத்தைப் பார்த்து நின்ற குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் கதையை மெக்சிகோக் கதையென்று நினைக்க மாட்டார்கள். அண்மையில் படித்தவற்றில் எது பிடித்தது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஸ்பானிஷ் தொடங்குகிறவருக்கும் இதையே முதல் இலக்காக வைக்கலாம் என்று நினைக்கிறேன். ருல்ஃபோவின் வாக்கியங்கள் குட்டையானவை. பேசுகிறவர்கள் படிக்காத குடியானவர்கள், அதனால் சொற்களும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளவை. வட்டாரச் சொல் சில இடறும், அதற்கு அகராதி இருக்கிறது. ஆனால் பாடநூல் முடிந்த கையோடு நேராக அவரிடம் போனால் மூச்சு முட்டும். இடையில் ஒரு படி வேண்டும். ‘டீச் யுவர்செல்ஃப்’ வரிசையிலேயே ஒல்லி ரிச்சர்ட்ஸ் தொடக்கநிலைக்காரர்களுக்கென்று எழுதிய சிறுகதைத் தொகுப்பு அதற்குப் போதும். இலக்கிய ருசி அதில் எதிர்பார்க்க வேண்டாம், வேகம் பழகும்.

அதன்பின் தமிழ்ப் புத்தகத்தை இடது கைப்பக்கம் விரித்து வையுங்கள், ஸ்பானிஷ் மூலத்தை வலது பக்கம். முதலில் தமிழில் ஒரு பத்தி, பிறகு அதே பத்தியை ஸ்பானிஷில் வாய்விட்டு. அகராதியை மூன்றாம் முறை படிக்கும்போது மட்டும் திறங்கள். ஆங்கிலப் பதிப்பு அந்த மேசையில் வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்தால் இந்த நூலகத்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரலாம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அசிமிலின் முதல் ஏழு பாடங்களுக்கான தமிழ்க் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறேன், நகல் எடுத்துத் தருகிறேன்.